எண்ண மறுத்த நாடு
(லெபனான் உள்நாட்டுப் போரின் காரணங்கள் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



லெபனானில் 1975ஆம் ஆண்டு மூண்டு 1990 வரை எரிந்த உள்நாட்டுப் போருக்குக் காரணம் யாதெனக் கேட்டால், சமயப் பகையே என்பர் ஒரு சாரார். அந்நியர் சதியே என்பர் மற்றொரு சாரார். இவை பாதி உண்மைகளே. தலைமுறை தலைமுறையாக அயலவராய் வாழ்ந்தவர்களை ஆயுதமேந்தச் செய்தது எது என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

1920ஆம் ஆண்டில் பிரான்சு, லெபனான் மலைநாட்டோடு கரையோர நகரங்களையும் தெற்கையும் பெக்கா சமவெளியையும் இணைத்து ஒரு நாட்டை அமைத்தது. 1932இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பில் கிறிஸ்தவர் சற்றே பெரும்பான்மையினராகக் காணப்பட்டனர். 1943இல் சுதந்திரம் வந்தபோது, அக்கணக்கை வைத்தே தலைவர்கள் எழுதப்படாத ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். சனாதிபதி மரோனைற் கிறிஸ்தவர். பிரதமர் சுன்னி முஸ்லிம். பாராளுமன்றத்தில் கிறிஸ்தவர் அறுவருக்கு முஸ்லிம்கள் ஐவர். கிறிஸ்தவர் பிரான்சின் பாதுகாப்பையும், முஸ்லிம்கள் சிரியாவோடு இணையும் எண்ணத்தையும் கைவிட இசைந்தனர். அன்றைக்கு அது நல்லெண்ண ஏற்பாடே.

ஆயின், சனத்தொகை மாறியபோது ஏற்பாட்டை மாற்றும் வழியை ஆண்டவர்கள் அடைத்துவிட்டனர். 1932இன் பின் இன்றுவரை அந்நாட்டில் குடிசன மதிப்பு எடுக்கப்படவேயில்லை. காணியை மறுபடி அளக்க விடாதவன் எல்லைக்கல்லைப் பற்றி யாது எண்ணுகிறான் என்பதைக் கமக்காரராகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

அரசியல் அநீதியோடு வறுமையும் சேர்ந்தது. பெய்ரூத்தில் வங்கிகள் பெருகின. சியா முஸ்லிம்கள் மிகுந்த தெற்கும் பெக்காவும் வீதியும் வைத்தியசாலையும் போதாமல் வாடின. 1960ஆம் ஆண்டளவில் அரசாங்கமே செய்வித்த ஆய்வு, சனத்தொகையில் 4 வீதத்தினர் நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைப் பெறுவதாகக் காட்டியது. தெற்கின் புகையிலைக் கமக்காரர் தம் விளைச்சலை ஏகபோக நிறுவனம் ஒன்றுக்கே விற்க வேண்டியிருந்தது. 1973 சனவரியில் நல்ல விலை கேட்டு நபாத்தியாவில் திரண்டபோது படையினர் சுட்டனர், இருவர் மாண்டனர். 1975 பெப்ரவரியில், முன்னாள் சனாதிபதி கமீல் சமூன் தலைமை வகித்த மீன்பிடிக் கம்பனியை எதிர்த்து சைதா நகர மீனவர் ஊர்வலம் சென்றனர். அதில் சுடப்பட்ட மக்கள் தலைவர் மாரூவ் சாட் சில நாட்களின் பின் இறந்தார். விலையும் தொழிலும் கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை குண்டு.

இவ்வாறு உலர்ந்து கிடந்த விறகின்மேல் வெளிநெருப்பும் விழுந்தது. 1948 முதல் பலஸ்தீன அகதிகள் அங்கே முகாம்களில் வாழ்ந்தனர். 1970இல் யோர்தானில் அடிபட்ட பலஸ்தீனப் போராளிகள் லெபனானுக்கு வந்தனர். இஸ்ரவேலின் தாக்குதல்கள் பெருகின. தெற்குக் கிராமத்தவர் தலைநகரின் சேரிகளுக்கு ஓடினர். ஒரு சாரார் போராளிகளைத் துணையாகவும், மறு சாரார் ஆபத்தாகவும் கண்டனர். இரு பக்கத்துக் கட்சிகளும் தனிப்படை வளர்த்தன. 1975 ஏப்ரில் 13ஆம் நாள் பெய்ரூத்தின் அயின் அல் ரும்மானேயில், தேவாலயம் ஒன்றின் முன் கிறிஸ்தவர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே அவ்வழி வந்த பஸ் வண்டியிலிருந்த பலஸ்தீனர் கொல்லப்பட்டனர். போர் தொடங்கிற்று.

ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது மதிப்பீடு. 1989இல் தாயிவ் நகரில் சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் பாராளுமன்றத்தில் சம இடங்கள். சனாதிபதியின் அதிகாரங்கள் சில மந்திரிசபைக்கு மாறின.

அன்பர்களே, போரின் கொடுமையை நம் மண்ணிலும் கண்டவர்கள் நாம். ஆதலின் ஒன்றைக் கேட்கின்றேன். ஆறுக்கு ஐந்தை ஐந்துக்கு ஐந்தாக்க ஒரு பாராளுமன்றத்துக்கு ஒரு நாள் போதும். 1974இல் வாக்கெடுப்பால் கொடுத்திருக்கக் கூடியதை, பதினைந்து ஆண்டுகளின் பின் இத்தனை உயிர்களைக் கொடுத்த பிறகே கொடுத்தார்கள். நியாயமான குறையை நியாயமான வழியில் தீர்க்க மறுக்கும் எந்த அரசும் அந்த விலையை ஒருநாள் தன் மக்களைக் கொண்டே செலுத்துவிக்கும்.