வெளிவிவகார ஆராய்ச்சிக்குச் சுதந்திரம் வேண்டும்



வெளிநாட்டு விவகாரம் என்றதும், அது மந்திரிகளுக்கும் தூதுவர்களுக்கும் உரியது. கமக்காரருக்கும் உத்தியோகத்தருக்கும் அதில் என்ன வேலை என்று கேட்போர் நம்மிடையே பலர். 1952ஆம் ஆண்டில் இலங்கையும் சீனாவும் செய்த றப்பர் - அரிசி ஒப்பந்தம் இந்நாட்டு மக்களின் சோற்றுப் பானையைத் தொட்டது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை, இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பிற்போடப்பட்டது. அம்மக்களின் சம்மதத்தை எவரும் கேட்டாரில்லை. இதனினும் வீட்டு விவகாரம் வேறு எது?

அரசாங்கத்திலும் ஆராய்ச்சி செய்வோர் உண்டு. ஆனால் அவர்கள் எழுதுவது மந்திரியின் கோவைக்குள் அடங்கிவிடும். ஆகவேதான் அரசாங்கத்துக்கு வெளியே நின்று ஆராயும் ஸ்தாபனம் வேண்டும் என்கிறோம்.

இலண்டனில் உள்ள சதம் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குச் சென்ற அறிஞர் சிலர் மனத்தில் உதித்த எண்ணம், 1920இல் ஸ்தாபனமாக உருவெடுத்தது. 1926இல் அது பெற்ற அரச சாசனம், ஸ்தாபனம் தன் பெயரால் எக்கொள்கையையும் கூறலாகாது என்று விதித்தது. அங்கத்தவர் மாறுபட்டு வாதிடலாம். ஸ்தாபனம் ஒரு பக்கம் சாயலாகாது. 1927இல் வகுத்த விதியோ இன்று உலகறிந்தது. கூட்டத்தில் கேட்டதைப் பயன்படுத்தலாம். கூறியவர் இன்னார் என்று வெளியிடலாகாது. பதவியில் இருப்போரும் அச்சமின்றி மனந்திறந்து பேச இது வழி செய்தது. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள், சாம்ராச்சியத்தின் தலைநகரிலேயே இம்மன்றத்தில் இந்தியாவின் எதிர்காலம் பற்றிப் பேசினார்.

ஆயினும் 1939இல் யுத்தம் மூண்டபோது, அதன் அறிஞர் பலர் ஒக்ஸ்போர்ட்டில் இருந்து அரசாங்கத்துக்காக உழைத்தனர். அந்த ஆராய்ச்சிப் பிரிவு 1943இல் வெளிநாட்டுக் காரியாலயத்துடன் இணைந்துவிட்டது. ஸ்தாபனம் மட்டும் தனித்து நின்றது. அரசாங்கத்துக்கு உதவுவது வேறு. அரசாங்கத்தின் அங்கமாவது வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

அதே 1943இல், நம் அயல் நாட்டில் தேஜ் பகதூர் சாப்ரு, குன்ஸ்ரு முதலியோர் உலக விவகார இந்தியக் கவுன்சிலை நிறுவினர். இந்தியா சுதந்திரம் அடையுமுன்பே, 1947 மார்ச்சில், ஆசிய உறவுகள் மாநாட்டை டில்லியில் கூட்டியது இக்கவுன்சிலே. அந்நியர் ஆட்சியில் இருந்த நாடுகளின் பிரதிநிதிகளும் அங்கே சரிசமமாக அமர்ந்தனர். இலங்கையர் சென்றனர், திபெத்தியரும் சென்றனர். அரசாங்கம் அழைக்கத் தயங்கக்கூடியவரையும் அரசாங்கம் சாராத ஸ்தாபனம் அழைக்கலாம்.

பின்னர் நடந்தது என்ன? நிர்வாகம் சீர்கெட்டது என்று காரணம் காட்டி, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மத்திய அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் எடுத்தது. பதவி வழியில் உப ஜனாதிபதியே அதன் தலைவரானார். சுதந்திரத்தைப் பறிக்கும் கை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. அங்கத்தவரின் அசட்டையும் அதற்குக் கதவு திறந்து கொடுக்கும். வரம்பைக் கவனியாத வயலில் நீர் நிற்குமா?

ஆகவே, சுதந்திரமானது என்று எந்த ஸ்தாபனம் கூறிக்கொண்டாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்போமாக. பணம் தருபவர் யார்? ஆராயவேண்டிய பொருளைத் தெரிபவர் யார்? முடிவு கசப்பானாலும் அச்சேறுமா? பணம் ஒருவரிடமிருந்தே வந்தால் மற்ற இரண்டும் நாளடைவில் அவர் கைக்கே போய்விடும். பலர் சிறுகச் சிறுகக் கொடுத்தால் எவரும் எசமானாக முடியாது.

படித்தவர் தம் அறிவையும், கமக்காரர் தம் அனுபவத்தையும், இரு சாராரும் இயன்ற பொருளையும் தந்தால், அத்தகைய மன்றம் நம்மிடையேயும் தழைக்கும். நம்மைப் பற்றி இரு அரசாங்கங்கள் மறுபடியும் பேசும் நாளில், உண்மைகளை எடுத்துவைக்க நம்மிடம் ஏடுகள் இருத்தல் வேண்டும். அந்த நாளில் எழுதத் தொடங்குவது பயன்படாது, இன்றே தொடங்குவோமாக.