அடித்தால் உண்மை வருமா?
(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



போலீசையும் பொது ஜனங்களையும் பற்றி இன்று பேசும்படி கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறேன். போலீசாரை வைய வேண்டும் என்பதற்காக நான் இங்கு வரவில்லை, புகழுவதற்காகவும் வரவில்லை. வைவதும் புகழுவதும் மிகவும் சுலபமான காரியங்கள். அதைச் செய்ய என் போன்றவன் வேண்டியதில்லை. நம் நாட்டில் படித்தவன், படிக்காதவன், ஆஸ்திகன், நாஸ்திகன் எல்லோரிடத்திலும் ஒரு மூடநம்பிக்கை இருந்து வருகிறது. "அடித்தால்தான் உண்மை வரும்" என்பதே அது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வருகிறது. விபத்து நேர்ந்தால் 2008 முதல் தமிழ்நாட்டில் 108 வண்டி வருகிறது. அந்த வண்டிகள் தெருவில் நுழைந்தால் ஜனங்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். "சோறு உண்ணாவிட்டால் தீயணைப்புக்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று எந்தத் தாயாவது குழந்தையைப் பயமுறுத்துகிறாளா? போலீஸ்காரரைச் சொல்லித்தானே பயமுறுத்துகிறாள்! மூவரும் ஆபத்துக் காலத்தில் கூப்பிட வேண்டியவர்கள். மூவருக்கும் சம்பளம் நம் வரிப்பணம். அப்படியிருக்க ஒருவரிடம் மாத்திரம் பயம் வருவானேன்? தீயணைப்புக்காரர் யாரையும் அடிப்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அடி விழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இதைத் தவிர வேறு காரணம் உண்டா?

கிட்டி போட்ட காலம்

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. 1854ல் நம் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி இங்கிலாந்துப் பார்லிமெண்டிலேயே பேச்சு எழுந்தது. விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். அது 1855ல் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடிகளைச் சித்திரவதை செய்வது சகஜமாய் நடந்து வந்தது என்று அந்தக் கமிஷன் கண்டது. கிட்டி என்னும் இரண்டு கோல்களுக்கிடையில் விரலை வைத்து நெரிப்பது, கண்ணில் மிளகாய்த் தூள் போடுவது, வெயிலில் குனிய வைத்து நிறுத்துவது முதலியவையெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. வரி வசூலிப்பவனும் போலீசும் ஒரே ஆளாய் இருந்ததுதான் கேடு என்று கருதி, 1859ல் சென்னையில் தனிப் போலீஸ் சட்டம் செய்தார்கள். 1861ல் இந்தியப் போலீஸ் சட்டம் வந்தது. 1872ல் வந்த சாட்சியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு விரோதமாக ருசுப்படுத்தக் கூடாது என்று அதன் 25வது பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்திருக்கும் புதிய சட்டத்திலும் 23வது பிரிவாக அதுவே இருக்கிறது.

தோழர்களே! இதன் அர்த்தத்தைக் கவனியுங்கள். சட்டம் செய்தவனே, "போலீஸ் ஸ்டேஷனில் சொல்லப்படுவது உண்மை என்று நம்புவதற்கில்லை" என்று 150 வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டான். அப்படியிருந்தும் அந்த வாக்குமூலத்துக்காக இன்னும் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. ஏன் என்றால் அதே சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய பாகத்தை மாத்திரம் கோர்ட்டு ஏற்கலாம். அதனால்தான் நம் வழக்குகளில் எதிரி எப்பொழுதும் புதருக்குள் கையை நீட்டிக் கத்தியைக் காட்டிக்கொண்டே இருக்கிறான்!

சத்தியப் பரீட்சையும் லாக்கப்பும்

நம் பழைய தர்ம சாஸ்திரங்களில் குற்றம் கண்டுபிடிக்க என்ன வழி சொன்னார்கள்? பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தச் சொன்னார்கள். தண்ணீரில் மூழ்கச் சொன்னார்கள். குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் கோவிலில் கொதிக்கும் நெய்யில் கையை விடும் "கைமுக்கு" என்ற வழக்கம் இருந்தது. கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி! 19ம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது நிறுத்தப்பட்டது. இன்று இதைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். கொதிக்கும் நெய்க்கு உண்மை தெரியாது என்று நமக்குத் தெரிந்துவிட்டது. லத்திக்கு மாத்திரம் உண்மை தெரியும் என்று நினைக்கிறோமே, இது எந்த ஊர் அறிவு?

அடிபடுகிறவன் எதைச் சொல்லுவான்? அடியை நிறுத்துவது எதுவோ அதைத்தான் சொல்லுவான். குற்றவாளியும் அதையே சொல்லுவான். நிரபராதியும் அதையே சொல்லுவான். இருவரிடமிருந்தும் ஒரே பதிலை வாங்கும் பரீட்சை என்ன பரீட்சை? அதைவிட நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது மேல். அதில் ஒருவனுக்காவது தப்ப வழி இருக்கிறது.

2017ல் டில்லியை அடுத்த குருகிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுப் பையன் கொலை செய்யப்பட்டான். அன்றைய தினமே பஸ் கண்டக்டர் ஒருவரைப் போலீசார் பிடித்து, "குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான்" என்றார்கள். டெலிவிஷனிலும் காட்டியாயிற்று. நாடு முழுவதும் "தூக்கில் போடு" என்று கத்திற்று. பிறகு சி.பி.ஐ. விசாரித்தது. அவர் மீது ருசு இல்லை என்று சொல்லி, வேறொருவர் மீது வழக்குத் தொடர்ந்தது. கண்டக்டரைக் கோர்ட்டு 2018ல் விடுதலை செய்தது. சி.பி.ஐ. வராதிருந்தால் அந்த ஏழை என்னவாகியிருப்பார்?

அமெரிக்காவிலும் இப்படியே நடந்தது. 1989ல் நியூயார்க்குப் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் ஐந்து பையன்கள் பிடிக்கப்பட்டார்கள். மணிக்கணக்காக விசாரித்துச் சிலரிடம் ஒப்புதல் வாங்கி, ஐவரையும் சிறைக்கு அனுப்பினார்கள். 2002ல் வேறொருவன் "நான்தான் செய்தேன்" என்றான், டி.என்.ஏ. பரிசோதனையும் அவனையே காட்டிற்று.

"திருடனுக்கு என்ன மனித உரிமை?" என்று கேட்கும் தோழர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். நிரபராதி அடிபட்டு ஒப்புக்கொண்ட அந்த நிமிஷத்திலேயே உண்மைக் குற்றவாளி தப்பித்துக்கொள்ளுகிறான். ஆகவே அடியை எதிர்க்கிறவன் குற்றவாளிக்குச் சிநேகிதனா, அடியை ஆதரிக்கிறவன் குற்றவாளிக்குச் சிநேகிதனா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அடி யார் முதுகில் விழுகிறது?

இந்த அடி எல்லோர் முதுகிலும் சமமாக விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாங்கியை ஏப்பம் விட்ட பெரிய மனிதனை எந்த ஸ்டேஷனிலாவது தலைகீழாய்க் கட்டினார்களா? அவனுக்கு நாற்காலி போட்டு "சார்" என்கிறார்கள். அடி வாங்குகிறவன் கூலிக்காரன், கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவன், சிபாரிசுக்கு ஆளில்லாதவன்.

1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 1911ல் செய்த புதிய சட்டம் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஒரு ஜாதியில் பிறந்துவிட்டால் அவன் பிறவியிலேயே திருடனாம்! பிறவியிலேயே உயர்ந்தவன் என்று சொல்லும் வருணாசிரமத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கைரேகை வைக்க மாட்டோம் என்ற மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூர் ஜனங்கள் மீது 1920 ஏப்ரல் 3ந் தேதி போலீசார் சுட்டார்கள். ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். அந்தச் சட்டம் சென்னையில் 1947ல் ஒழிந்தது. ஆனால் ஸ்டேஷன் மனத்திலிருந்து ஒழிந்ததா? 1993ல் கம்மாபுரம் ஸ்டேஷனில் குறவர் சமூகத்துக் கூலி ஒருவரை நகைத் திருட்டுக்காகப் பிடித்துப் போய் அடித்துக் கொன்றுவிட்டு, "தப்பி ஓடிவிட்டான்" என்று கதை கட்டினார்கள். "ஜெய் பீம்" படத்தில் நீங்கள் பார்த்து அழுதது அந்தக் கதையைத்தான். படம் பார்த்து அழுதவர்களே மறுநாள், "அவன் காலை உடைத்தது சரி" என்கிறார்கள்!

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையை நேரங்கழித்துத் திறந்து வைத்தார்கள் என்று பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் மாண்டார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில் நகை காணோம் என்ற புகாருக்காகப் பிடிக்கப்பட்ட கோவில் காவலாளி அடிபட்டே மாண்டார். ஒரு கடைச் சட்டத்துக்கும் ஒரு நகைக்கும் மூன்று உயிர்!

பூப்போட்ட ஜனங்கள்

இந்தப் பழியில் நமக்கும் பங்கு இருக்கிறது. 2019 டிசம்பரில் ஐதராபாத்தில், ஒரு பெண் டாக்டரைக் கெடுத்துக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நாலு பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீசார் மீது பூப்போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு நியமித்த கமிஷன், 2022ல் வெளியான தன் அறிக்கையில், கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடேயே சுடப்பட்டது என்றும், பத்துப் போலீசாரை விசாரிக்க வேண்டும் என்றும், செத்தவர்களில் மூவர் வயது வராதவர்கள் என்றும் சொல்லிற்று. போட்ட பூவைத் திரும்ப எடுக்க யார் போனார்கள்?

நம் ஊரிலும் பார்க்கிறோம். பிடிபட்டவன் கையில் மாவுக்கட்டோடு படம் வருகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தானாம்! அந்தக் குளியலறையில் இன்ஸ்பெக்டர் விழுவதில்லை; ஏட்டு விழுவதில்லை; எதிரி மாத்திரம் விழுகிறான், அதுவும் கை உடையும்படியாகவே விழுகிறான். இதை யாராவது நம்புகிறார்களா? ஒருவரும் நம்புவதில்லை. பொய் என்று தெரிந்தே கை தட்டுகிறோம். இன்று மாவுக்கட்டுக்குக் கை தட்டினவன் பிள்ளை நாளைக்கு அதே குளியலறைக்குப் போக மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"கோர்ட்டில் வழக்கு பத்து வருஷம் இழுக்கிறதே, வேறு என்ன செய்வது?" என்பார்கள். வாஸ்தவம். ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகமாயிருந்தால் இன்னும் நாலு டாக்டரைப் போடு என்போமா, வாசல் காவல்காரனை ஆபரேஷன் செய்யச் சொல்லுவோமா?

போலீஸ்காரரும் மனிதர்தானே

கான்ஸ்டேபிளின் நிலைமை என்ன? திருவிழாவுக்கும் அவர்; மந்திரி வந்தால் வெயிலில் நிற்பதும் அவர். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்ற உத்தரவு தமிழ்நாட்டில் 2021ல்தான் வந்தது. மேலதிகாரி வீட்டில் வேலை செய்யும் "ஆர்டர்லி" முறையை ஒழிப்பதாக 1979லேயே உத்தரவு போட்டார்கள். 2022லும் ஐகோர்ட்டு அதற்காகக் கண்டிக்க வேண்டியிருந்தது. சட்டத்தைக் காக்க வந்தவனை நாய் குளிப்பாட்டச் சொன்னால் அவனுக்குச் சுயமரியாதை எங்கிருந்து வரும்? மேலே இருப்பவன் மிதித்ததைக் கீழே இருப்பவன் மீது இறக்குகிறான். இது ஜாதிப் படிக்கட்டின் குணமேயாகும். அவரிடம் விஞ்ஞான சாதனமும் பயிற்சியும் கொடுக்காமல், "நாளைக்குள் ஆளைப் பிடி" என்று மாத்திரம் சொன்னால், கையிலிருக்கும் லத்தியைத்தான் எடுப்பார்.

ஆனாலும் சாத்தான்குளத்திலே, அதே ஸ்டேஷனைச் சேர்ந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் இரவெல்லாம் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். காக்கி உடைக்குள்ளும் மனச்சாட்சி இருக்கிறது. நாம் பூப்போட வேண்டுமானால் அந்த அம்மாளுக்குத்தான் போட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

இங்கிலாந்தில் 1974ல் நடந்த குண்டு வெடிப்புகளுக்காக ஒப்புதல் வாங்கிச் சிறையிலடைத்தவர்களை 1989லும் 1991லும் நிரபராதிகள் என்று விடவேண்டி வந்தது. அந்த அவமானத்தில் பாடம் படித்து, 1990களின் தொடக்கத்தில் விசாரணை முறையையே மாற்றினார்கள். ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கமல்ல, விவரம் சேகரிப்பதே நோக்கம் என்று போலீசாரைப் பழக்கினார்கள். பேச்சைப் பதிவு செய்தார்கள்.

நமக்கும் சட்டம் இல்லாமலில்லை. கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், 48 மணிக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும் என்று 1996ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாயிற்று. ஸ்டேஷன் முழுவதும் பேச்சும் பதிவாகும் காமிரா வேண்டும் என்று 2020ல் சொல்லியாயிற்று. போலீசார் மீதுள்ள புகாரை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரிக்க வேண்டும் என்று 2006ல் சொல்லியாயிற்று. தமிழ்நாடோ 2013ல் சட்டம் செய்து உள்துறைச் செயலாளரையே தலைவராக்கிற்று. பூனைக்கு மணி கட்டப் பூனையையே நியமித்தார்கள்! சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997ல் கையெழுத்துப் போட்டது. அதை உறுதி செய்யவில்லை. 2010ல் லோக்சபையில் நிறைவேறிய மசோதாவும் காலாவதியாய்ப் போயிற்று.

ஆகையால், தோழர்களே! சட்டத்தை விட முதலில் நம் புத்தி மாற வேண்டும். உங்கள் ஊரில் ஒருவனைப் பிடித்துப் போனால், அவன் திருடனாகவே இருந்தாலும், நாலு பேர் ஸ்டேஷனுக்குப் போய், "எந்த வழக்கு? எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள்? 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவீர்களா? வீட்டுக்குச் சொன்னீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் லத்தி தானாக மூலைக்குப் போகும். மாவுக்கட்டுப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பிச் சிரிப்பதை நிறுத்துங்கள். கொதிக்கும் நெய்யைக் கைவிட்ட நாம் இதையும் கைவிட முடியாதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.