பரம்பரைக் குறை என்றால் தலையெழுத்தா?

(பனவடலிசத்திரத்தில் கூடிய தம்பதிகளிடையே ஆற்றிய உரை)

காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

காது கேளாத குழந்தை ஒரு வீட்டில் பிறந்துவிட்டால் என்ன பேச்சு கிளம்பும்? “அவ வயித்துக் கோளாறு” என்பார் மாமியார். “கிரகணத்தன்னிக்கு வெளிய வந்திருப்பா” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கொஞ்சம் படித்தவரோ, “இது பரம்பரை, ஒண்ணும் செய்ய முடியாது” என்று முடித்துவிடுவார். முதல் இரண்டும் வெறும் பேச்சு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது குழந்தையை அதிகம் கெடுக்கிறது.

பரம்பரை என்பதை முதலில் பார்ப்போம். நம் உடம்பின் அமைப்புக்கான குறிப்புகளை ஜீன், அதாவது மரபணு என்கிறோம். ஒவ்வொன்றும் அநேகமாக இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. வீட்டில் இரண்டு அரிக்கேன் விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அணைந்தாலும் மற்றதில் வேலை நடக்கும். இரண்டும் அணைந்தால்தான் இருட்டு. 1997-ல் காது கேளாமைக்குக் காரணமாகக் கண்டறியப்பட்ட கனெக்ஸின் 26 என்ற ஜீன் பெரும்பாலும் இப்படித்தான். அப்பாவுக்கும் நன்றாகக் கேட்கும், அம்மாவுக்கும் நன்றாகக் கேட்கும். ஆளுக்கு ஒரு அணைந்த விளக்கு உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அந்த இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் காது கேளாது. இதில் பெண்டாட்டியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? பாதி மாப்பிள்ளை வீட்டுச் சரக்கு அல்லவா!

இப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. “ஒண்ணு பொறந்தாச்சு, இனி மூணு தப்பிச்சுரும்” என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி அல்ல. தாயக்கட்டை போன தடவை என்ன விழுந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். “எங்க பாட்டன் காலத்திலேருந்து சொந்தத்துலதான் கட்டுதோம், ஒரு குறையும் வரலியே” என்று ஒரு பெரியவர் கேட்பார். பொய் இல்லை. அந்நியத்தில் கட்டினாலும் நூறு பிள்ளையில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை வரத்தான் செய்கிறது. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் இன்னும் கூடும். ஒரே பாட்டன் வீட்டு அணைந்த விளக்கு இரு பக்கத்திலிருந்தும் வர வழி உண்டாகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஏற்கெனவே கட்டியவர்கள் கலங்க வேண்டாம். இனிமேல் பேசி முடிக்கப் போகிறவர்கள் யோசியுங்கள்.

அந்நியத்தில் கட்டினால் பயமே இல்லை என்பதும் தவறு. கர்ப்பமான முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா அம்மை கண்டால் பிள்ளையின் காது போகலாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினாலும் போகலாம். இவற்றுக்கும் பரம்பரைக்கும் சம்பந்தமில்லை. 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ருபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தது இதற்காகவும்தான்.

இனி முக்கியமான பேச்சு. பரம்பரையாய் வந்ததை மாற்றவே முடியாது என்பது யார் சொன்ன சட்டம்? அப்பாவுக்குக் கிட்டப்பார்வை, மகனுக்கும் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டதும் பையன் கரும்பலகையைப் படிக்கிறானே!

“பிறவி ஊமை” என்கிறோம். அநேகமாக அந்தப் பிள்ளைகளுக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஒரு குறையும் கிடையாது. கேட்காததால் பேச்சு பழகவில்லை. ஜீன் எடுத்தது காதை. பேச்சை எடுத்தது நாம் கழித்த வருஷங்கள். “எங்க மாமாவும் அஞ்சு வயசுலதான் பேசினார், இவனும் பேசிருவான்” என்று காத்திருக்கிறோமே, அந்த வருஷங்கள்! மூளை பேச்சைப் பிடித்துக்கொள்வது முக்கியமாக முதல் மூன்று நான்கு வயதில். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துக் காதுக் கருவி மாட்டிப் பயிற்சி கொடுத்தால் பல பிள்ளைகள் பேசிவிடும். கருவி போதாத பிள்ளைக்கு உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷன் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதைச் செய்கிறார்கள்.

பேச்சு முழுதும் வராத பிள்ளைக்குக் கை ஜாடை மொழி உண்டு. அதுவும் முழுமையான மொழிதான். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து, “திரும்புதான், காது கேக்கு” என்று இருந்துவிடாதீர்கள். அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் “ங்கா” சொல்லும். பிறகுதான் சத்தம் குறையும். ஆஸ்பத்திரியில் தூங்குகிற குழந்தையின் காதில் சின்னக் கருவி வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுகிறார்கள். வலி கிடையாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை நடந்ததா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் அடுத்த தடுப்பூசி நாளிலேயே சொல்லி, எங்கே போகவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.