இசையும் பொழுதும்



தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். யாழைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். முல்லைக்கு மாலைப்பொழுது, முல்லை யாழ்; மருதத்துக்கு வைகறை, மருத யாழ். இசைக்கென்று ஒரு பொழுது உண்டு என்பது தமிழ் மரபு. தனி மனித வாழ்வுக்கும் இது பொருந்தும். ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரை கேட்ட பாடல்களே பெரும்பாலும் நினைவுகளை மிகுதியாக எழுப்புகின்றன என்பர் இன்றைய உளவியலார்.

என் அன்னையார் மறதிநோயால் ஒவ்வொரு பெயராக இழந்து வருகிறார். 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படப் பாடல் ஒன்று அண்மையில் வானொலியில் ஒலித்தது. அடி பிறழாமல் உடன் பாடினார். பின்பு என்னை நோக்கி, "அக்கா, விளக்கு ஏத்தியாச்சா?" என்று வினவினார். அவர் சென்றடைந்த அந்தப் பொழுதில் நான் பிறக்கவே இல்லை. "ஏத்தியாச்சு" என்றேன்.

வாழ்ந்தவருக்கே அப்பாடல் கதவு திறக்கிறது. வாழாத என்னைப் போன்றோரையும் உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியது கவிதையின் கடன். பாடலின் பெயரைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. அது ஒலித்த திண்ணை, அவ்வேளை எரிந்த அடுப்பு, உடனிருந்தவர் முகம் ஆகியனவும் கவிதையில் இடம்பெற வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தாரிடம் என் வேண்டுகோள் ஒன்றே: வீட்டிலுள்ள முதியோரிடம் அவர்தம் இளமைப் பாடலைக் கேட்டறியுங்கள், அவர்கள் சொல்ல இயலும்போதே எழுதி வையுங்கள்.