கூரான ‘கிகி’, உருண்ட ‘பூபா’
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரு தாளில் இரண்டு படம். ஒன்று நட்சத்திரம் மாதிரி கூர்கூராக இருக்கிறது. மற்றது சிந்திய மாவு மாதிரி வளைந்து உருண்டிருக்கிறது. ஒன்றுக்குப் பேர் ‘கிகி’, இன்னொன்றுக்கு ‘பூபா’. எது எதுங்க? பெரும்பாலோர் கூரானதைத்தான் ‘கிகி’ என்பீர்கள்.

1929-லேயே கோலர் என்ற உளவியல் அறிஞர் இப்படிச் சொற்களையும் வடிவங்களையும் பொருத்திக் காட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பார்டுடன் சேர்ந்து 2001-ல் ‘பூபா, கிகி’ என்று வைத்தார். 95 சதவீதம் பேர் ஒரே மாதிரி சொன்னதாகவும், தமிழ் பேசுவோரிடமும் அதே போக்கு இருப்பதாகவும் எழுதினார்.

ஆங்கில எழுத்தில் ‘பி’ உருண்டை, ‘கே’ கூர். அதுதான் காரணம் என்பார்கள் சிலர். நம்ம எழுத்தைப் பாருங்க. ‘ப’ நேர்கோடும் மூலையும், ‘க’வில்தான் வளைவு. எழுத்து வழக்கமே இல்லாத நமீபியாவின் ஹிம்பா மக்களிடமும் இந்தப் பொருத்தம் இருப்பதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியானால் காரணம் வாயில் இருக்கலாம். ‘பூ’ என்றால் உதடு சேர்ந்து குவியும். ‘கி’ என்றால் ஒலி சட்டென வெட்டித் தெறிக்கும். ஒலி பிறக்கும் இடத்தையும் இதழ் குவிவதையும் தொல்காப்பியர் பிறப்பியலிலேயே வகுத்துவிட்டார். கொழுகொழு, மொழுமொழு என்று சொல்லிப் பாருங்கள். கீறு, கிழி என்றும் சொல்லிப் பாருங்கள்.

உடனே ‘தமிழே உலகமொழிக்கெல்லாம் தாய்’ என்று மேடை ஏறிவிடாதீர்கள் தம்பிகளா. ‘முள்’ளும் மகரத்தில்தான் தொடங்குகிறது, அது குத்தாமலா இருக்கிறது? 2022-ல் வந்த ஆய்வில், 25 மொழிகள் பேசும் 917 பேரில் பொருத்தியது 72 சதவீதம்தான். துருக்கி, ருமேனியம், சீன மொழிகளில் அந்தப் போக்கே தெரியவில்லை. ஆக, இது ஒரு சாய்வு, சட்டம் அல்ல. மொழிப்பற்று நல்லதுதான்; அது சோதிக்காமல் பேச உரிமம் ஆகாது.

சோதிக்க வெளிநாடு போக வேண்டாமுங்க. சேவூரிலிருந்து திருப்பூர் பக்கம் போனால் பனியன் கம்பெனிகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் தோழர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். எழுதிக் காட்டாமல், வாயால் சொல்லிக் கேளுங்கள். படங்களின் இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். ஒத்து வராத பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியும் நடக்கும், பக்கத்து மெஷின்காரரோடு பழக்கமும் வரும்.