திலகவதியார் காட்டிய நெறி



திருக்குடமுழுக்கு நிறைவெய்திய இந்நன்னாளில் திருமுன்றிலிற் குழுமியிருப்போர் அனைவரும் நிறைந்த உள்ளத்தோடு வந்தவர் என்று கூறுதற்கில்லை. பிரிந்துபோன மகனை நினைந்து தொழும் தாயரும் உண்டு. பாகப் பிரிவினைக்குப் பின் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார் தனித்தனியே நின்று வணங்குதலும் உண்டு. உறவு குலைந்தவிடத்து நம்பிக்கைக்கு இடமுண்டோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் திலகவதியார். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இவ்வம்மையாரின் வரலாறு திருநாவுக்கரசர் புராணத்தினூடே அமைந்துள்ளது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்ப் பிறந்தவர் அவர், தம்பியார் மருள்நீக்கியார். படைத்தலைவராகிய கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசி முடித்தனர். மணநாள் வருமுன்னரே கலிப்பகையார் போர்க்களம் சென்றார். அந்நிலையிற் புகழனார் நோயுற்று மறைந்தார்; கணவர் பிரிவைத் தாங்காது மாதினியாரும் உயிர் நீத்தார். பின்னர்க் கலிப்பகையாரும் போரில் மாண்ட செய்தி வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்தார் திலகவதியார். தமக்கையின் அடிகளில் வீழ்ந்து அழுத மருள்நீக்கியார், தமக்கையார் தம்மைக் கைவிடின் தாமே முன்னர் உயிர் துறப்பதாக உரைத்தார். அச்சிறுவன்பொருட்டு அம்மையார் உயிர் தாங்கினார்.

யாருக்காக உயிர் தாங்கினாரோ, அத்தம்பியே பின்னர்ப் பிரிந்து சென்றார். உலக நிலையாமையை எண்ணி மெய்ந்நெறி தேடிய மருள்நீக்கியார், இன்று கடலூரைச் சார்ந்துள்ள திருப்பாதிரிப்புலியூரை அடைந்து, ஆங்கிருந்த சமணப் பள்ளியிற் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு புகழ் பெற்றார். அவர் தீயொழுக்கத்திற் செல்லவில்லை, கற்றறிந்தே சென்றார். எனினும், ஒரே குடியிற் பிறந்த இருவர் வெவ்வேறு நெறியினராயினர். இத்தகைய பிரிவு எக்காலத்தும் இல்லங்களில் நிகழ்வதேயாகும்.

திலகவதியார் தம்பியைப் பழித்தாரல்லர். பின்தொடர்ந்து சென்று வழக்கிட்டாருமல்லர். கெடில நதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானம் சேர்ந்து, அங்கு ஒரு மடத்தில் தங்கினார். நாள்தோறும் பொழுது புலருமுன் திருவலகிட்டார். சாணம் கொண்டு மெழுகினார். மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருளுமாறு இறைவனிடம் பலகால் முறையிட்டார். அழுத கண்ணீரோடும் அலகு பிடித்த கை ஓயவில்லை. காத்திருத்தல் என்பது கைகட்டி இருத்தலன்று என்பதை அம்மையாரின் வாழ்வு உணர்த்துகின்றது.

இறைவன் அவர் கனவிலே தோன்றி, தம்பியைச் சூலைநோயால் ஆட்கொள்வதாக அருளினான். நோயுற்ற தருமசேனருக்குப் பள்ளியிலுள்ளார் செய்த முயற்சிகள் பயன்தரவில்லை. அவர் தம் சமையற்காரனைத் திருவதிகைக்கு அனுப்பினார். நந்தவனத்தின் அருகே அவனைக் கண்ட அம்மையார் கேட்டது, தம்பிக்குத் தீங்கேதும் உண்டோ என்பதேயாம். ஆயினும், தாம் அப்பள்ளிக்கு வருவதில்லை என்றும் உறுதியாக உரைத்தார். அன்பும் உறுதியும் ஒருங்கே நின்ற இடம் இது. தம் நெறியை விட்டுத்தான் உறவைக் காக்க வேண்டும் என்பதில்லை. நெறியைக் காட்டி உறவை அறுக்க வேண்டும் என்பதுமில்லை.

அன்றிரவே, பாயும் பீலியும் குண்டிகையும் விடுத்து, வெள்ளாடை உடுத்து, தமக்கையாரின் மடத்திற்கு வந்து அடிவீழ்ந்தார் தம்பியார். அம்மையார் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் பிறக்கவில்லை. இறைவன் கருணையை எண்ணிக் கைதொழுது, எழுந்திருக்குமாறு கூறி, ஐந்தெழுத்தோதித் திருநீறளித்தார். வைகறையில் அலகும் சாணமும் தோண்டியும் எடுத்துத் தாம் வழக்கமாகச் செல்லும் திருக்கோயிலுக்கே அவரை அழைத்துச் சென்றார். அங்கே முதற்பதிகம் பிறந்தது, நோய் நீங்கியது, நாவுக்கரசர் என்னும் திருப்பெயரும் வழங்கலாயிற்று.

ஒன்று கருதத்தக்கது. இழந்தவை யாவும் அம்மையாருக்குத் திரும்பவில்லை. பெற்றோர் மீளவில்லை, மணவாழ்வு வாய்க்கவில்லை. மீண்ட தம்பியும் இல்லத்தில் தங்கவில்லை. தலந்தோறும் நடந்து பாடும் அடியாராகிவிட்டார். ஆயின் அவர் கையிலேந்திய உழவாரம், தமக்கையார் பிடித்த திருவலகின் தொடர்ச்சியன்றோ? பழைய உறவு பழைய வடிவிலேயே திரும்புவதன்று நம்பிக்கையின் பயன். அன்பு புதியதொரு வடிவில் தழைப்பதே அதன் பயன்.

இத்திருக்குடமுழுக்கும் இதனையே அறிவுறுத்துகின்றது. மூலமூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தனம், கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு முதலிய 8 பொருள்களை இடித்துச் சேர்ப்பது. அதுவும் காலத்தால் தளர்வதே. 12 ஆண்டுகளுக்கொருமுறை அதனைப் புதுப்பித்தல் மரபு. தளர்ந்ததனால் திருக்கோயில் கைவிடப்படுவதில்லை. திருப்பணி நடைபெறுங்காலத்தும் பாலாலயத்தில் இறைவனை எழுந்தருளுவித்து வழிபாடு இடையறாது நடத்தப்பெறுகின்றது.

இல்லத்துப் பிணைப்பும் அவ்வாறே தளரலாம். அந்நாளில் வாயிலை அடைத்துவிடாது, சிறிய இடத்திலேனும் விளக்கை அணையாது காத்தல் வேண்டும். வருவோர் நள்ளிரவில் வரினும் திருநீறளித்து வரவேற்கும் உள்ளம் வேண்டும். அவ்வுள்ளத்தை இத்திருவிழாவிற் கூடிய அடியார் அனைவருக்கும், திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்தம் குடும்பங்களுக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!

திருச்சிற்றம்பலம்.