மூடும் நாளையும் இன்றே பேசுவோம்!



கூடங்குளம் எங்கோ கடற்கரையில் இருக்கிறது, கரிசல்காட்டில் வாழும் நமக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டின் பங்கு. பலனில் நமக்குப் பங்கு உண்டென்றால் கேள்வி கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸை அறியாத வீடு உண்டா? மிஞ்சும் மருந்தை என்ன செய்வது என்று தெரியாமல் எவராவது மருந்து கலக்குவாரா? இதே கேள்வியை அணுஉலையைப் பார்த்தும் கேட்க வேண்டாமா?

1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தம் செய்தபோது, எரிந்து முடிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போகும் என்பது ஏற்பாடு. 1998 துணை ஒப்பந்தத்தில் அது மாறியது; கழிவு நம் நாட்டிலேயே தங்கும் என்றாயிற்று. 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு 2013இலும் 2016இலும் இயங்கத் தொடங்கின. அவற்றில் பயன்படுத்திய எரிபொருள், உலைக் கட்டடத்துக்குள் உள்ள நீர்த்தொட்டியில் குளிர்விக்கப்படுகிறது. தொட்டி நிறைந்தால் எங்கே போவது?

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலை இயங்க அனுமதித்தது. கூடவே, உலைக்கு வெளியே சேமிப்பு நிலையம் ஐந்து ஆண்டுகளில் அமைய வேண்டும், நிரந்தரக் கிடங்குக்கும் விரைந்து வழிசெய்ய வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுகள் போயின. 2018இல் மேலும் அவகாசம் கேட்டு, 2022 ஏப்ரல் வரை பெற்றார்கள். 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. பின்லாந்து நாட்டில் பாறைக்குள் 400 மீட்டருக்கும் கீழே நிரந்தரக் கிடங்கு குடைந்துவிட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் கூடங்குளத்தில் மேலும் நான்கு உலைகளுக்கான கட்டுமானம் 2017இலும் 2021இலும் தொடங்கிவிட்டது!

அடுத்து, உலையின் ஆயுள் முடியும் நாள். பழைய கட்டடத்தை இடிப்பதுபோல் அணுஉலையை இடித்துவிட முடியாது. கதிர்வீச்சு ஏறிய இரும்பையும் கான்கிரீட்டையும் பிரித்துக் காக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தச் செலவுக்காக யூனிட்டுக்கு 2 பைசா ஒதுக்கும் முறை வந்தது. ஆனால் நாட்டின் எந்த அணுமின் நிலையத்துக்கும், 30 ஆண்டுகள் ஓடிய நிலையத்துக்குக்கூட, மூடும் திட்டம் இல்லை என்று 2012இல் மத்திய தணிக்கைத் துறையே சுட்டிக்காட்டியது. அந்த 2 பைசா நம் பேரப்பிள்ளைகளின் அமானிதம். அது போதுமா என்று கணக்குக் கேட்பது தேசத்துரோகமா?

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் அணுமின்சாரத்தில் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. 2047க்குள் 1,00,000 மெகாவாட் என்பது அரசின் இலக்கு. இலாபம் பார்ப்பவர் போன பிறகும் கழிவு இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சகோதரர்களே! மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சேமிப்பு நிலையத்தின் இன்றைய நிலை என்ன, மூடும் நிதியில் எவ்வளவு இருக்கிறது, அது போதும் என்று யார் சான்று தந்தார்கள்? இந்த மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்!